இரு புள்ளியா, ஒரு புள்ளியா?
– துணிவும் விவேகமும் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

செயலொன்றின் சிறப்பை அதன் விளைவு கொண்டு அளப்பதா, அதனைத் தூண்டிய நியாயங்கள் கொண்டு அளப்பதா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். போர்க்களம், அரசவை, நீதிமன்றம், வைத்தியசாலை ஆகியவற்றிலிருந்தே இவ்வினாவுக்கான உதாரணங்களை மெய்யியலாளர் பெரும்பாலும் எடுத்தாள்வர். விளையாட்டுக் களத்தை அவர்கள் அதிகம் நாடியதில்லை. எனினும் விளையாட்டில் விதிகள் தெளிவானவை, காலம் வரையறுக்கப்பட்டது, முடிவு ஐயத்துக்கு இடமற்றது. வாழ்க்கையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நியாயங்கள் அங்கு தனித்தனியே பிரிந்து தோன்றுகின்றன. அவ்வகையில், ஐக்கிய அமெரிக்காவில் ஆடப்படும் உதைபந்தாட்டத்தில் பயிற்றுநர் ஒருவர் அடிக்கடி எதிர்கொள்ளும் தீர்மானமொன்று ஆய்வுக்கு உரியதாகின்றது. ஏறத்தாழ உறுதியாகக் கிடைக்கக்கூடிய ஒரு புள்ளியைப் பெற்றுக்கொள்வதா, இரு புள்ளிகளை நாடி அந்த ஒன்றையும் பணயம் வைப்பதா என்பதே அத்தீர்மானம்.

1. ஆட்டமும் விதியும்

அமெரிக்க உதைபந்தாட்டம், உலகின் ஏனைய பகுதிகளில் அப்பெயரால் வழங்கும் ஆட்டத்தினின்றும் வேறானது, றக்பியின் வழிவந்தது. அணிக்குப் பதினொருவராக நின்று ஆடுவர். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்க்கும் அணி, 'ரச்டவுன்' எனப்படும் அவ்வடைவுக்கு ஆறு புள்ளிகளைப் பெறும். அதனையடுத்து அவ்வணிக்கு மேலதிக வாய்ப்பொன்று வழங்கப்படும். பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து ஒரு புள்ளியைப் பெறலாம். அன்றேல், கோட்டுக்கு அண்மையிலிருந்து ஒரேயொரு முயற்சியில் பந்தை ஏந்தி ஓடியோ, சக வீரருக்கு எறிந்தோ மீண்டும் கோட்டைக் கடக்கச் செய்து இரு புள்ளிகளைப் பெறலாம். இம்முயற்சி பல்கலைக்கழக ஆட்டங்களில் 3 யார் தூரத்திலிருந்தும், தொழில்முறை ஆட்டங்களில் 2 யார் தூரத்திலிருந்தும் தொடங்கும்.

இரு புள்ளி விதி பல்கலைக்கழக ஆட்டங்களில் 1958ஆம் ஆண்டிலே புகுத்தப்பட்டது. தேசிய உதைபந்தாட்ட லீக் எனப்படும் தொழில்முறை அமைப்பு 1994ஆம் ஆண்டிலேயே அதனை ஏற்றுக்கொண்டது. தொழில்முறை ஆட்டத்தில் ஒரு புள்ளிக்கான உதை நெடுங்காலமாகத் தவறாத சடங்குபோல இருந்து வந்தது. 2015இல் உதைக்கும் தூரம் 33 யாராக நீட்டப்பட்ட பின்னர், நூற்றுக்கு ஆறளவான உதைகள் தவறலாயின. இரு புள்ளி முயற்சிகளோ ஏறத்தாழப் பாதியளவிலே வெற்றி பெறுகின்றன. ஆகவே நீண்டகாலச் சராசரியை மாத்திரம் நோக்கின், இரு வழிகளும் முயற்சிக்கு ஒரு புள்ளியளவையே தருகின்றன.

ஆயின் புள்ளிகளின் சராசரி வேறு. வெற்றியின் வாய்ப்பு வேறு. இடைநடுவே நின்றுவிட்ட ஆட்டமொன்றின் பணயப் பொருளை ஆட்டக்காரரிடையே எவ்வாறு பங்கிடுவது என்ற வினாவை 1654ஆம் ஆண்டிலே பஸ்காலும் பேர்மாவும் கடிதங்கள் வாயிலாக ஆராய்ந்தனர். நிகழ்தகவுக் கோட்பாட்டின் தோற்றுவாய்களுள் அக்கடிதங்கள் முதன்மையானவை. ஆட்டத்தின் எந்த நிலையிலும் பார்க்கவேண்டியது இதுவரை பெற்றதை அன்று, இனி நிகழக்கூடியவற்றை என்பதே அவர்கள் கண்ட அடிப்படை. புள்ளி வித்தியாசமும் எஞ்சியுள்ள நேரமும் அறியப்படாமல், ஒரு புள்ளியா இரு புள்ளியா என்ற வினாவுக்கு விடை கூறவியலாமைக்குக் காரணமும் அதுவே.

2. 1984ஆம் ஆண்டின் ஓரிரவு

1984 ஜனவரி 2ஆம் திகதி, மியாமி நகரின் ஒறேஞ் கிண்ணப் போட்டியில் நெப்ராஸ்காப் பல்கலைக்கழக அணியும் மியாமிப் பல்கலைக்கழக அணியும் மோதின. அப்பருவத்தில் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களிலும் வென்று தரவரிசையில் முதலிடத்தில் நின்ற அணி நெப்ராஸ்கா. இறுதிக் காற்பகுதியின் தொடக்கத்தில் அது 31-17 எனப் பின்தங்கியிருந்தது. ரச்டவுன் ஒன்றும் அதனையடுத்த உதையும் நிலையை 31-24 ஆக்கின. ஆட்டம் முடிய 48 செக்கன்கள் இருக்கையில் மற்றுமொரு ரச்டவுன் பெறப்பட்டு, நிலை 31-30 ஆயிற்று.

பல்கலைக்கழக ஆட்டங்களில் அந்நாளில் மேலதிக நேரம் வழங்கப்படவில்லை. ஒரு புள்ளிக்கு உதைத்திருந்தால் ஆட்டம் சமநிலையில் முடிவடைந்திருக்கும். தேசிய முதன்மை அணி எது என்பது அக்காலத்தில் வாக்கெடுப்பாலேயே தீர்மானிக்கப்பட்டது. தோல்வியே காணாத நெப்ராஸ்காவுக்கு அந்தச் சமநிலையே பட்டத்தைப் பெரும்பாலும் ஈட்டிக் கொடுத்திருக்கும். எனினும் பயிற்றுநர் ரொம் ஒஸ்போண் இரு புள்ளிகளுக்கே முயலுமாறு பணித்தார். எறியப்பட்ட பந்து எதிரணி வீரர் ஒருவரின் கையிற் பட்டு விலகியது. 31-30 என வென்ற மியாமி, ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு உயர்ந்து பட்டத்தைப் பெற்றது.

ஒஸ்போண் செய்தது சரியா? இவ்வினாவுக்குக் கணக்கு மாத்திரம் விடை தராது. பட்டமே குறிக்கோள் எனின், ஏறத்தாழ உறுதியான ஒன்றை விடுத்துப் பாதி வாய்ப்புள்ள ஒன்றை நாடியமை விவேகமன்று. அன்றைய ஆட்டத்தை வெல்வதே குறிக்கோள் எனின், உதைத்துச் சமநிலை காண்பதில் வெற்றிக்கு இடமேயில்லை; இரு புள்ளி முயற்சி ஒன்றே வழி. எவ்வழி எக்குறிக்கோளுக்கு உகந்தது என்பதைக் கணிதம் கூறும். எக்குறிக்கோளை நாடவேண்டும் என்பதை அது கூறாது. வெல்லாமற் பெறும் பட்டம் வெற்றிப் பட்டமாகாது என்ற மதிப்பீடு ஒஸ்போணின் தீர்மானத்துள் அடங்கியிருந்தது. அது அறவியல் மதிப்பீடு; எண்களால் நிறுவவோ மறுக்கவோ இயலாதது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியொன்றும் உண்டு. 1966 நவம்பர் 19ஆம் திகதி, தரவரிசையின் முதலிரு இடங்களிலும் இருந்த நொற்றடாம், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக அணிகள் 10-10 எனச் சமநிலையில் நின்றன. பந்து தம் வசம் இருந்தும், நொற்றடாம் பயிற்றுநர் ஆரா பார்சீகியன் இறுதிக் கணங்களில் துணிந்து முன்னேற முயலாது நேரத்தைக் கழிக்கும் வகையில் ஆடச் செய்தார். வாக்கெடுப்பில் நொற்றடாமுக்கே முதலிடம் கிட்டியது. ஆயினும் அச்சமநிலைக்காக அவர் பல்லாண்டு காலம் பழிக்கப்பட்டார். பட்டத்தை இழந்த ஒஸ்போணோ அத்தீர்மானத்துக்காகவே மதிக்கப்பட்டார். 1994, 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் அவரது அணி தேசியப் பட்டத்தைப் பெற்றபோதும், அவரைப் பற்றிப் பேசுவோர் 1984ஆம் ஆண்டின் தோல்வியை மறந்தாரல்லர்.

3. விளைவும் மதிப்பீடும்

உலகம் விளைவைக் கொண்டே செயலை மதிக்கும் என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. மேற்கூறிய இரு நிகழ்ச்சிகளும் அக்கூற்று முழு உண்மையன்று என்பதைக் காட்டுகின்றன. எனினும் அதில் உண்மை இல்லாமலுமில்லை. 2007 ஜனவரி முதலாம் திகதி பியெஸ்ரா கிண்ணப் போட்டியில், மேலதிக நேரத்தில் 42-41 எனப் பின்தங்கியிருந்த பொய்சி மாநிலப் பல்கலைக்கழக அணி, உதைத்து ஆட்டத்தை நீடிக்காது இரு புள்ளிகளுக்கு முயன்று, தந்திரமான ஓர் ஆட்டத்தால் ஒக்லஹோமாவை 43-42 என வீழ்த்தியது. பயிற்றுநர் கிறிஸ் பீற்றர்சனின் துணிவு இன்றுவரை கொண்டாடப்படுகின்றது. 2021 டிசெம்பரில் போல்ரிமோர் றேவன்ஸ் அணியின் பயிற்றுநர் ஜோன் ஹார்போ, இரு வார இடைவெளியில் இருமுறை அதே தீர்மானத்தை எடுத்தார். முதலாவதில் ஆட்டம் முடியப் பன்னிரண்டு செக்கன்களே இருந்தன. காயங்களால் தமது பாதுகாப்பு வரிசை நலிந்திருந்ததை அவர் நியாயமாகக் காட்டினார். நலிந்த அணியோடு மேலதிக நேரத்துக்குச் செல்வதிலும் அக்கணத்திலேயே முடிவு காண்பது மேல் என்பது அவர் வாதம். இரு முயற்சிகளும் தவறின. முதலாவது ஆட்டம் 20-19 எனவும் மற்றது 31-30 எனவும் இழக்கப்பட்டன. அவ்வணி பருவ இறுதியில் அடுத்த சுற்றுக்கும் தகுதி பெறவில்லை. பீற்றர்சன் எடுத்ததும் ஹார்போ எடுத்ததும் ஒரே வகையான தீர்மானம். பந்து சென்று சேர்ந்த இடமே வேறு. ஒருவருக்குப் புகழும் மற்றவருக்குக் கண்டனமும் வாய்த்தன.

தோமஸ் நேகல், பேர்னாட் வில்லியம்ஸ் ஆகிய மெய்யியலாளர் இருவரும் 1976இல் இப்பிரச்சினையை 'ஒழுக்கவியல் அதிர்ஷ்டம்' என்னும் தலைப்பில் விவாதித்தனர். மனிதனின் கட்டுப்பாட்டுக்கு உட்படாதவற்றுக்காக அவனைப் புகழ்வதோ இகழ்வதோ நியாயமன்று எனத் தோன்றுகின்றது. நல்லெண்ணம் தன் விளைவில் தோற்றாலும் தன்னளவில் ஒளிகுன்றாது என்பது கான்றின் கருத்து. ஆயினும் நடைமுறையில் விளைவை முற்றாகப் புறந்தள்ள எவராலும் இயலவில்லை.

கீதையின் போதனையை இங்கு நினைவுகூர்வோர் இருக்கலாம். பலனில் பற்றின்றிக் கடமையைச் செய்யுமாறு அது பணிக்கும். ஆயின் பயிற்றுநரின் கடமையே பலனை நோக்கியது. வெற்றியைக் கருதாத பயிற்றுநர் தம் கடமையில் தவறியவராவார். ஆகவே, பலனைக் கருத்திற்கொண்டே தீர்மானிக்கவேண்டும். தீர்மானித்தபின் அத்தீர்மானத்தைப் பலனைக்கொண்டு மாத்திரம் மதித்தல் ஆகாது என வேறுபடுத்திக் கொள்ளுதல் பொருந்தும். முன்னையது திட்டமிடல், பின்னையது தீர்ப்பு. இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ளப்படுவதாலேயே பெரும்பாலான மயக்கங்கள் எழுகின்றன.

மேற்கூறிய நால்வரையும் ஒருங்கு நோக்கின் வேறோர் உண்மையும் புலப்படும். மக்கள் சிலவேளை விளைவைப் போற்றுகின்றனர். சிலவேளை துணிவின் தோற்றத்தைப் போற்றுகின்றனர். தீர்மானத்தின் நியாயங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பது அரிதாகவே நிகழ்கின்றது. விளைவும் இன்னும் வராத, துணிவின் கவர்ச்சியும் இல்லாத ஒரு தீர்மானத்தின் கதி யாது என்பதே அடுத்து எழும் வினா.

4. பதினான்கு புள்ளிகள் பின்தங்கிய நிலை

ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் அணியொன்று பதினான்கு புள்ளிகள் பின்தங்கியிருந்து, ரச்டவுன் ஒன்றைப் பெறுகின்றது எனக் கொள்வோம். வித்தியாசம் எட்டு ஆகின்றது. இவ்விடத்து ஒரு புள்ளிக்கு உதைத்து வித்தியாசத்தை ஏழாக்குவதே நெடுங்கால வழக்கம். பின்னர் மற்றுமொரு ரச்டவுனும் உதையும் கிட்டின் சமநிலை. அதன்பின் மேலதிக நேரம். இரு அணிகளும் சமபலமுடையன எனின் வெற்றி வாய்ப்பு பாதி.

முதல் ரச்டவுனின் பின்னரே இரு புள்ளிகளுக்கு முயன்றால் நிகழ்வது யாது? முயற்சியின் வெற்றி வாய்ப்பைப் பாதியெனவும், உதை தவறாதெனவும், இரண்டாவது ரச்டவுன் கிட்டுமெனவும் கொண்டு எட்டு ஆட்டங்களை நோக்கலாம். நான்கில் முதல் முயற்சி பலிக்கும், வித்தியாசம் ஆறாகும், இரண்டாவது ரச்டவுனும் ஓர் உதையும் மேலதிக நேரமின்றியே வெற்றி தரும். ஏனைய நான்கில் முயற்சி தவறும். எனினும் எல்லாம் முடிந்துவிடவில்லை. இரண்டாவது ரச்டவுனின் பின் மீண்டும் முயலலாம். இந்நான்கில் இரண்டு சமநிலையாகும். அவற்றுள் ஒன்று மேலதிக நேரத்தில் வெற்றியாகும். ஆக, எட்டில் ஐந்து வெற்றி. வழக்கமான வழியிலோ எட்டில் நான்கே. முயற்சியின் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்தெட்டளவாகக் குறையும்வரை இவ்வழி தாழ்ந்துபோவதில்லை.

இதன் உட்பொருள் தெளிவானது. முன்கூட்டியே முயல்பவர், தமக்கு எத்தனை புள்ளிகள் தேவை என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்கின்றார். முதல் முயற்சி தவறினும் திருத்திக்கொள்ள இடமுண்டு. இறுதிக் கணத்தில் முயல்பவருக்கு அவ்விடம் இல்லை.

இந்த ஒளியில் 1984ஆம் ஆண்டின் இரவை மீண்டும் நோக்குதல் வேண்டும். நெப்ராஸ்கா 31-17 என்ற நிலையிலிருந்து முதல் ரச்டவுனைப் பெற்றபோது ஒரு புள்ளிக்கு உதைத்தது. இரண்டாவதன் பின்னரே இரு புள்ளிகளுக்கு முயன்றது. இவ்வொழுங்கில் எட்டில் நான்கு வெற்றி, நான்கு தோல்வி. இவ்வொழுங்கை மாற்றி, முதலில் இரு புள்ளிகளுக்கு முயன்றிருப்பின் வெற்றிகள் நான்காகவே இருக்கும். ஆனால் தோல்விகள் நான்கில் இரண்டு சமநிலையாக மாறும். வெற்றியின் வாய்ப்பு சிறிதும் குறையாது தோல்வியின் வாய்ப்பு பாதியாகக் குறைகின்றது. எஞ்சிய நிமிடங்களில் மியாமியும் தன் ஆட்டத்தை நிலைக்கேற்ப மாற்றியிருக்கும் என்பது மெய்யே. அது கணக்கைச் சற்று அசைக்குமேயன்றித் தலைகீழாக்காது. எனவே, சமநிலையை விரும்பாத ஒஸ்போணின் குறிக்கோளை முற்றாக ஏற்றுக்கொண்டாலும், அக்குறிக்கோளுக்கே இதனினும் சிறந்த வழியொன்று இருந்தது. வீரம் என நினைவுகூரப்படும் அந்த இறுதிக்கணம், முன்னைய தீர்மானமொன்றாற் பிறந்த நெருக்கடியும் ஆகும். ஒஸ்போணைத் தனியே குறைகூறல் இதன் நோக்கமன்று. அந்நாளில் ஏறத்தாழ எல்லாப் பயிற்றுநரும் செய்திருக்கக்கூடியதையே அவரும் செய்தார்.

ஆக்கத்தை எண்ணிக் கைமுதலைத் தொலைக்கும் முயற்சியில் அறிவுடையோர் இறங்கமாட்டார் என்ற கருத்தைத் திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம் உணர்த்தும். இதனைக் காட்டி இரு புள்ளி முயற்சியை மறுப்பாரும் உளராகலாம். ஆயின் எது கைமுதல் என்பதை ஆராய்தல் வேண்டும். 48 செக்கன்கள் எஞ்சியிருந்தபோது சமநிலை ஏறத்தாழக் கைக்கு வந்துவிட்ட பொருள். அதனை இழக்கத் துணிந்தமைக்கு அக்கருத்து ஓர் எச்சரிக்கையே. எட்டுப் புள்ளி பின்தங்கிய நிலையிலோ கையில் முதல் என எதுவுமில்லை. இல்லாததைக் காப்பது காத்தலாகாது. விவேகத்தின் பெயரால் அங்கு பேசப்படுவது பெரும்பாலும் பழக்கமே.

5. எவரது பணயம்?

கணக்கு இத்துணைத் தெளிவாயிருந்தும் பயிற்றுநர் பலர் நெடுங்காலம் இவ்வழியை நாடாமைக்குக் காரணம் யாது? 2018 ஒக்ரோபரில் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியின் பயிற்றுநர் பற் ஷேர்மர், அற்லாண்டா அணிக்கு எதிராக 20-12 என்ற நிலையில் இரு புள்ளிகளுக்கு முயலச் செய்தார். முயற்சி தவறியது, ஆட்டமும் 23-20 என இழக்கப்பட்டது. கண்டனங்கள் எழுந்தன. அவர் உதைத்துவிட்டு மேலதிக நேரத்தில் தோற்றிருப்பின் அத்தீர்மானத்தைப் பற்றி எவரும் பேசியிருக்கமாட்டார். வழக்கத்தின்படி தோற்பவர் தோற்கிறார். வழக்கத்துக்கு மாறாகத் தோற்பவர் தோல்விக்குக் காரணமாகிறார். இவ்வேறுபாட்டிலேயே அறவியற் சிக்கல் தங்கியுள்ளது.

வெற்றி தோல்வி அணிக்கு உரியது. பழியோ பயிற்றுநருக்கு உரியது. அணியின் வாய்ப்பைக் கூட்டும் வழி தம் பழியையும் கூட்டுமாயின், பயிற்றுநர் எதனைத் தெரிவுசெய்தல் வேண்டும்? 1970களின் தொடக்கத்தில், லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியின் துணைப் பயிற்றுநராயிருந்த டிக் வேர்மீல், எந்தப் புள்ளி வித்தியாசத்தில் எத்தனை புள்ளிகளுக்கு முயலவேண்டும் என்பதை அட்டவணையாக வகுத்தார். பதற்றமான வேளையில் அமைதியாகச் சிந்தித்ததன் பயனைக் கையில் வைத்திருத்தலே அதன் நோக்கம். நாளடைவில் பயிற்றுநர் பலரின் கையில் அத்தகைய அட்டை இடம்பெற்றது. சிந்தனைக்குத் துணையாகப் பிறந்த கருவி, சிலரிடத்துப் பழிக்கு எதிரான கேடயமாகவும் மாறக்கூடும். அட்டை கூறியவாறு செய்தேன் என்பவர் தீர்மானத்தை அட்டையிடமே ஒப்படைத்துவிடுகின்றார். பலமான பந்தெறிவாளர், காயமுற்ற பாதுகாப்பு வரிசை, வீசும் காற்று ஆகியவற்றை அட்டை அறியாது.

தம் பொருளைப் பணயம் வைப்பவருக்குள்ள உரிமை, பிறர் பொருளைக் காப்பவருக்கு இல்லை என்பது பொதுவான நியாயம். பயிற்றுநர் அத்தகைய பொறுப்பாளர். 1984இல் களத்தில் நின்ற மாணவர் பலருக்கு அத்தகைய பட்டத்துக்கான வாய்ப்பு மீண்டும் வரப்போவதில்லை. ஆகையால், தம் வீரம் விளங்கவேண்டும் என்பதற்காக அவர்களது வாய்ப்பைப் பணயம் வைக்கும் பயிற்றுநர் குற்றமுடையவரே. ஆனால் அதே நியாயம் மறுபுறமும் செல்லும். தம் பதவி நிலைக்கவேண்டும் என்பதற்காக அவர்களது வாய்ப்பைக் குறைக்கும் பயிற்றுநரும் அவ்வளவு குற்றமுடையவரே. முன்னையவரின் குற்றம் கண்ணுக்குத் தெரியும். பின்னையவரின் குற்றம் நிதானம் என்ற பெயரைப் பூண்டு மறைந்திருக்கும்.

தோல்வி முன்கூட்டியே புலப்பட்டால் வீரர் மனந்தளர்வர். ஏழு புள்ளி வித்தியாசம் நம்பிக்கையைக் காக்கும் என்றும் வாதிக்கப்படும். இவ்வாதத்தைப் புறக்கணித்தல் ஆகாது; மனிதர் எண்களல்லர். எனினும், அறியாமையினாற் காக்கப்படும் நம்பிக்கை இறுதிக் கணத்தில் உடையும். அப்போது திருத்துவதற்கு நேரமிராது. என்ன செய்யப்போகிறோம், ஏன் செய்கிறோம் என்பதை வீரருக்கு முன்னரே விளக்கியிருப்பின், முதல் முயற்சியின் தோல்வி எதிர்பார்த்த ஒன்றாகிவிடும். அவ்வாறு விளக்குதல் பயிற்றுநரின் கடமையின் ஒரு பகுதி. பிறர் சார்பில் பணயம் வைப்பவர் அவர்களது உடன்பாட்டை நாடுவதற்கு இதைவிடச் சிறந்த வழியில்லை.

6. முடிவுரை

அச்சத்துக்கும் கண்மூடித்தனத்துக்கும் இடைப்பட்டதே வீரம் என்றார் அரிஸ்ரோட்டில். அந்த இடைநிலையை இறுதிக் கணத்தின் பேராரவாரத்தில் தேடுவது வழக்கம். இரு புள்ளி பற்றிய தீர்மானம் வேறொன்றைக் கற்பிக்கின்றது. ஆட்டத்தின் இறுதிச் செக்கன்களில் இரு புள்ளிகளுக்கு முயல்பவருக்குத் தோற்றாலும் வீரர் என்ற பெயர் எஞ்சக்கூடும். சில நிமிடங்கள் முன்னதாக, பார்வையாளர் வியப்புறும் வகையில், அதே முயற்சியை மேற்கொள்பவருக்குத் தோற்றால் மூடர் என்ற பெயரும், வென்றால் பெரும்பாலும் எப்பெயரும் இல்லாமையுமே கிட்டும். தம் அணிக்கு நன்மை என அறிந்தும், தமக்குப் புகழில்லை என அறிந்தும் அதனைச் செய்பவரிடத்தே துணிவும் விவேகமும் ஒன்றாகின்றன.

இதனால் ஒஸ்போணின் பெருமை குன்றிவிடாது. குறிக்கோளை மறைக்காது, விளைவின் சுமையைப் பிறர்மேற் சுமத்தாது ஏற்றமை அவர் சிறப்பு. தீர்மானம் சரியெனினும், இழப்புற்றோர் முன் நிற்கும்போது எழும் வருத்தம் பொறுப்பாளரை விட்டகலாது, அகலவும் கூடாது. ஆயின் அவ்வருத்தத்தைத் தவிர்ப்பதற்காகத் தீர்மானத்தையே தள்ளிப்போடுதல் பொறுப்பாகாது. தள்ளிப்போடப்பட்ட தீர்மானம் மறைந்துபோவதில்லை. திருத்துவதற்கு நேரமில்லாத ஒரு வேளையில், முன்னிலும் கடினமான வடிவில் அது திரும்பி வருகின்றது.